எழில் சாப்பிடட்டும்

வியாசர்பாடிக் குடியிருப்பில் பிறந்து, அரசுக் கல்லூரியில் கணினி படித்தவள் எழில்மொழி. திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டின் எடைமேடை அறையில் ஒன்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறாள். லாரி மேடையேறும், திரையில் எடை விழும், சீட்டு அடித்துக் கொடுப்பாள்.

மேடை சொல்வதைக் கணினிக்குப் புரியவைக்கும் டிரைவர் நிரலை எழுதியவன் ஜெபின். ராயபுரத்தில் மொத்த வியாபாரம் செய்யும் நாகர்கோவில்காரரின் மகன், யார்டின் கணினிகளைப் பார்த்துக்கொண்டவன். இரண்டு வருடத்துக்கு முன் எண்ணூர் சாலையில் டிரெய்லர் ஒன்று திரும்பியபோது, அவன் பைக் அதனடியில் போய்விட்டது. அடக்கத்தன்று தேவாலயத்தில் அவள் அலுவலக ஆட்களோடு கடைசியில் நின்றாள். முன்னால் போய் அழ அவளுக்கு முறை எதுவும் இல்லை. அவர்கள் ஒருவருக்கொருவர் எதையும் சொல்லிக்கொண்டதில்லை.

போன செவ்வாய்க்கிழமை காலை பழைய கணினி புகைந்து அடங்கியது. புதியதில் ஜெபினின் நிரல் கம்பைல் ஆகவில்லை; எழுதிய வரிகளை ஓடும் வடிவத்துக்கு மாற்றித்தரும் கம்பைலர் பாதியில் நின்றது.

"ஒரு மணி வரைக்கும் பாருங்கம்மா," என்றார் மேலாளர் சுப்புராஜ். "இல்லன்னா சாயங்காலம் வெளிக் கம்பெனிக்காரன் அவன் சாஃப்ட்வேரோட வாரான். ஜெபின் போட்டதெல்லாம் கழட்டிருவோம்."

இந்த அறையில் அவனுடையதென்று மிச்சமிருந்தது அது ஒன்றுதான். கல்லூரித் தோழன் முதஸ்ஸிரை போனில் பிடித்தாள்.

"பழைய சிஸ்டம் வார்னிங்க முணுமுணுத்துட்டு வுட்டுடும் எழிலு. புதுசு கறாரு. வார்னிங் ஒன்னு இருந்தாலும் எரருன்னு நின்னுக்கும்."

"அந்தக் கறார நிறுத்திட்டா?"

"நிறுத்தலாம். நாளைக்கி முப்பது டன்னு மூணு டன்னுன்னு காட்னா நீதான் ஜவாப்பு. ஒன்னொன்னா சரி பண்ணு."

மொத்தம் ஆறு வார்னிங். அவன் எழுதிய வரிகளை அவள் திறந்து பார்ப்பது இதுவே முதல் தடவை. எண்ணைப் போட்டுவைக்கும் மாறி ஒன்று வீணாகக் கிடந்தது, எடுத்தாள். பெரிய எண்ணைச் சின்ன இடத்தில் திணித்திருந்தான், இடத்தைப் பெரிதாக்கினாள். ஜன்னலில் வேலப்பனின் தலை தெரிந்தது, வல்லூர்ப் பக்கத்து லாரிக்காரர்.

"இன்னாம்மா, பொட்டி இன்னும் எய்ந்துக்கலயா? உள்ள நண்டு கீது, அது நடந்தே வூட்டுக்குப் போயிடும்."

"அத்தயும் மேடையில ஏத்து நைனா, வந்து எட போடறேன்."

ஐந்து முடிந்தது. ஆறாவதைப் படித்தவள் கையை எடுத்துவிட்டாள். 'எழில்_சாப்பிடட்டும்' என்றொரு ஃபங்ஷன், தனி நிரல் பகுதி, எழுதப்பட்டிருக்கிறது, எங்கும் பயன்படவில்லை என்றது கம்பைலர். ஆங்கில எழுத்தில், அவள் பெயர்.

தேடிப் போனாள். நாலே வரி. ஆள் இல்லாத நேரத்தில் மேடையேறும் வண்டிகளின் எடையைத் தனியே சேர்த்து வைத்து, திரும்பி வந்ததும் வரிசையாகக் கொடுப்பதற்கானது. பாதியில் நின்றிருந்தது. சோற்றுக் கையோடு அவள் எழுந்து எழுந்து சீட்டு அடிப்பதை எதிரே உட்கார்ந்து பார்த்திருக்கிறான். ஒருநாளும் இதைச் சொன்னதில்லை. கீழே தனக்கே குறிப்பு எழுதியிருந்தான்: 'எழில்கிட்ட கேக்கணும். எத்தன நிமிஷம் போதும்?'

மறுபடி போன் போட்டாள். "கூப்புடாத ஃபங்ஷன் ஒன்னு கீதுடா."

"டெட் கோடு. தூக்கிக் கடாசு."

"கடாச மாட்டேன்."

"அப்ப அது முன்னாடி ஒரு வார்த்தை போடு, சொல்றேன். இது பயன்படாமயும் இருக்கலாம், தெரிஞ்சுதான் வெச்சிருக்கோம்னு அர்த்தம். கம்பைலரு கேள்வி கேக்காது," என்றான் முதஸ்ஸிர்.

போட்டாள். இந்தத் தடவை கம்பைலர் எதுவும் சொல்லவில்லை. மணி பன்னிரண்டு ஐம்பது. வேலப்பனின் வண்டி மேடையேற, திரையில் எடை விழுந்தது. சுப்புராஜ் வெளிக் கம்பெனிக்குப் போன் செய்து வரவேண்டாம் என்றார்.

வண்டிகளெல்லாம் போனபின் அந்தக் கோப்பை மறுபடி திறந்தாள். அவன் கேள்விக்கு அடியில் 'பதினஞ்சு' என்று அடித்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதை அழித்துவிட்டு, கேள்வியை மட்டும் இருந்தபடி விட்டு மூடினாள்.