ஜார்ஜியா எந்தக் கண்டத்தில் இருக்கிறது?

மகளுக்கு ஜார்ஜியாவில் மருத்துவம் படிக்க இடம் கிடைத்த செய்தி வந்த மறுநாள், ஷிஃப்ட் பஸ்ஸில் உட்காருவதற்கு முன்பே வாயைத் திறந்துவிட்டேன். "பொண்ணு ஐரோப்பாவுக்குப் படிக்கப் போவுது." இடம் வாங்கிக் கொடுத்த ஏஜென்ட் அப்படித்தான் சொல்லியிருந்தார். சுரங்கத்துக்குப் போய்ச் சேரும்வரை ஆள் மாற்றி ஆள் கை கொடுத்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வீட்டில் கதை வேறு. மகள் தனியாக அவ்வளவு தூரம் போவது என் மனைவிக்குப் பிடிக்கவேயில்லை. அவள் நெல்லிக்குப்பத்துக்காரி, ஆனால் கல்யாணம் ஆனதிலிருந்து இந்த நகரியத்துக் குவார்ட்டர்ஸில்தான் வாழ்க்கை. இங்கே புதிதாக ஒருவரைப் பார்த்தால் ஊரைக் கேட்க மாட்டோம், "எந்த பிளாக்கு?" என்றுதான் கேட்போம். ஒரே பிளாக் என்றால் காய்ச்சலில் படுத்தால்கூடப் பக்கத்துக் குவார்ட்டர்ஸிலிருந்து ரசம் வந்துவிடும். வேறு பிளாக் என்றால் எல்லாம் முடிந்த பிறகு விசாரிக்க வருவார்கள். உலகத்தையும் அவள் அப்படித்தான் பார்த்தாள். கண்டம் என்பது பெரிய பிளாக்.

"அந்த ஊரு நம்ம பிளாக்குல வருதா, வேற பிளாக்கா? அத மட்டும் சொல்லுங்க" என்றாள்.

மகளின் பள்ளிக்கூட அட்லஸைப் புரட்டினேன். அதில் ஜார்ஜியா ஆசியாவின் நிறத்தில் இருந்தது. "ஆசியாதான். நம்ம பிளாக்குதான்" என்றேன். அதன் பிறகே அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. சரி, போகட்டும் என்றாள்.

ஆக, பஸ்ஸில் ஐரோப்பா, வீட்டில் ஆசியா. ஒரே நாட்டை இரண்டு கண்டத்தில் வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. எந்த நேரத்தில் எந்த வாய் உளறுமோ என்று மனம் ஒரு இடத்தில் நிற்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுவேன். எது சரி என்று தெரிந்துவிட்டால் தொல்லை தீரும் என நினைத்துச் செல்போனில் தேட ஆரம்பித்தேன்.

தேடியது தப்பாகப் போயிற்று. நான் படித்த காலத்தில் கண்டங்கள் ஏழு, அடித்துக் கேட்டாலும் ஏழு. இப்போது பார்த்தால் சில நாடுகளில் இரண்டு அமெரிக்காவையும் ஒன்றாக்கி ஆறு என்கிறார்கள். வேறு சிலர் ஐரோப்பாவையும் ஆசியாவையும் ஒட்டவைத்து ஆறு என்கிறார்கள். அமெரிக்காவை ஒன்றாக்கிய கையோடு, ஊரும் குடியும் இல்லாத அண்டார்டிகாவையும் தள்ளிவிட்டு ஐந்து என்பவர்களும் உண்டு. ஆஸ்திரேலியா கண்டமாம், கிரீன்லாந்து தீவாம். எந்த அளவோடு தீவு முடிந்து கண்டம் தொடங்குகிறது என்று கேட்டால் ஒருவருக்கும் நேரான பதில் இல்லை. கடல் சூழ்ந்த பெரிய நிலம்தான் கண்டம் என்றால், ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் நடுவில் கடல் எங்கே இருக்கிறது? மலையைக் காட்டி, அதன் மேல்தான் எல்லைக்கோடு என்கிறார்கள். எங்கள் ஊரில் மலையை நாங்களே போடுகிறோம். சுரங்கத்து மேல்மண்ணை வெட்டிக் கொட்டினால் மலை. அதற்கு அந்தப் பக்கம் வேறு கண்டம் என்று சொன்னால் பக்கத்திலிருக்கும் வடக்குத்து கிராமத்துக்காரர்கள் சிரிப்பார்கள்.

அந்தக் கோட்டைக்கூட ஒழுங்காகப் போட்டார்களா? காகசஸ் மலையின் உச்சியோடு கோடு போட்டால் ஜார்ஜியா அநேகமாக ஆசியா. கோட்டைக் கொஞ்சம் தெற்கே இறக்கினால் ஐரோப்பா. எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. ஒரு நாட்டை எங்கே வைப்பது என்று முடிவு செய்யத் துப்பில்லாதவர்கள் எதற்கு மேப் போடுகிறார்கள்?

கிளம்பும் நாள் வந்தது. விமான நிலையத்துக்குப் போக வாசலில் வேன் நின்றது. பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரும் திருநெல்வேலிக்காரர் சால்வையோடு வந்து மகள் தோளில் போர்த்தினார். "ஐரோப்பாவுக்குப் போற பிள்ளைலா. நம்ம ஷிஃப்டுக்கே பெருமை" என்றார்.

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் கையைப் பிடித்து வாசலோரக் கொடுக்காப்புளி மரத்தடிக்கு இழுத்துப் போனாள்.

"ஐரோப்பான்றாரு. ஆசியான்னு சொன்னீங்க. எதுங்க நெசம்?"

"ரெண்டும்தான். கோட்ட சில பேரு இப்டிப் போடறாங்க, சில பேரு அப்டிப் போடறாங்க."

"கோடு கெடக்கட்டும். அங்க ஒண்ணுன்னா எந்திரிச்சி வர ஆளு யாரு?"

அத்தனை நாள் தேடியதில் அதை மட்டும் நான் தேடியிருக்கவில்லை. மகள் எப்போது பின்னால் வந்தாள் என்று தெரியவில்லை.

"யாரும் வர மாட்டாங்கம்மா. நானே பாத்துக்குவேன்" என்றாள்.

சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் சால்வையின் நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். ஏஜென்ட்டைப் பார்த்ததும், பஸ்ஸில் பீற்றிக்கொண்டதும், ஆசியா என்று சொல்லி இவள் அம்மாவைச் சரிக்கட்டியதும் எல்லாம் நான்தான். அந்த நிமிஷம் "போவ வேணாம் பாப்பா, வூட்டுக்குள்ள வா" என்று சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் மனைவி மகளின் கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"ஏறு. நேரமாவுது" என்றாள்.