இலையில் ஓடாத மத்தன் சூப்

1998 ஜூலை 14, செவ்வாய்க்கிழமை, மாலை நாலரை மணி. காலையிலிருந்து விடாத மழை. மட்டாஞ்சேரி பஜாரில் சுக்கு மூட்டைகள்மேல் தார்ப்பாய் போட்டிருந்தார்கள். ஈரக்காற்றோடு அதன் காரமும் எங்கள் வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. என் மனைவி பாக்கியம் சாயா கொண்டுவந்து தந்தாள். ஒரு மிடறு குடித்தேன். அது உள்ளே போகவில்லை, மூக்கு வழியாகத் திரும்பி வந்தது.

வலி எதுவும் இல்லை. தரை மட்டும் மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்தது, படகு ஜெட்டியை விட்டு விலகும்போது சாய்வதைப் போல. பாக்கியத்தைக் கூப்பிட்டேன். வெளியே வந்த குரல் என்னுடையதாக இல்லை.

எர்ணாகுளத்தில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டுப் பக்கவாதம் என்றார்கள். கை கால் எல்லாம் அசைகிறதே என்று வாதாடினேன்.

"அங்கிளே, தப்பிச்சது கையும் காலும். மாட்டினது தொண்டை" என்றார் மருத்துவர்.

மூளைத்தண்டில் ஒரு சிறிய இடத்துக்கு ரத்தம் போகாமல் நின்றுவிட்டது. அதனால் வந்தது டிஸ்பேஜியா (விழுங்குவதில் ஏற்படும் தடை). மூக்கு வழியாக இரைப்பைக்கு ஒரு ரைல்ஸ் ட்யூப் (உணவு செலுத்தும் மெல்லிய குழாய்) இறக்கினார்கள்.

உங்களில் யாருக்காவது இப்போது அந்தக் குழாய் இருந்தால், நான் சொல்வது புரியும். பசி அடங்கும், ஆனால் சாப்பிட்ட நினைவு இருக்காது. அரிசிப் பண்டகசாலையில் முப்பத்தொரு வருஷம் மூட்டை எண்ணிய குமாஸ்தா நான். எதையாவது எண்ணாவிட்டால் எனக்குப் பொழுது போகாது. காலைச் சாயா, பத்து மணிக் கஞ்சி, மத்தியானச் சோறு என்று நாளை மடித்து வைத்திருந்த மடிப்புகள் எல்லாம் அங்கே பிரிந்துபோயின. ஜன்னல் சட்டத்திலிருந்து விழும் மழைத்துளிகளை எண்ணினேன். எண்ணிக்கை நடுவில் தவறும். தவறிய இடத்தில் தூங்கிவிடுவேன். விழிக்கும்போது அதே துளி இன்னும் விழாமல் தொங்குவதாகத் தோன்றும்.

மூன்றாவது வாரம் குழாயை எடுத்தார்கள். விழுங்கப் பயிற்சி தர ஷைனி என்ற இளம்பெண் வந்தாள். நீரும் சாயாவும் எனக்கு ஆபத்து என்றாள். நீர்த்தது வேகமாக ஓடும். தொண்டை மூடுவதற்குள் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். கெட்டியாகவும் கட்டியில்லாமலும் இருப்பது மெல்ல நகரும். தொண்டைக்கு அவகாசம் கிடைக்கும்.

"எத்தனை கெட்டி மோளே?" என்று பாக்கியம் கேட்டாள்.

"சத்யைக்கு பிரதமன் விளம்புமில்லே அம்மா, இலையில? ஓடாம நிக்கணும். அத்தனை."

சத்யை என்றால் விருந்து, பிரதமன் என்றால் கெட்டிப் பாயசம். இலையில் ஊற்றிய பிரதமன் பக்கத்திலிருக்கும் சோற்றுக்குள் ஓடினால் சமைத்தவரை ஊரே பேசும். பாக்கியம் தலையாட்டினாள். எனக்கும் விளங்கிற்று.

ஆனால் வீட்டுக்கு வந்ததும் பழைய வழக்கம் முந்திக்கொண்டது. எங்கள் தெருவில் உடம்புக்கு முடியாதவருக்குக் கஞ்சித்தண்ணிதான். உடம்பு எவ்வளவு மோசமோ, கஞ்சி அவ்வளவு நீர்க்கும். பாக்கியம் மத்தனை (பரங்கிக்காயை) அவித்து மசித்தாள். பார்க்கப் பார்க்க அவளுக்குப் பேடி (பயம்) ஆகிவிட்டது. "இது தொண்டையில அடைச்சிரும்" என்று ஒரு டம்ளர் வெந்நீர் விட்டுக் கலக்கினாள். நான் நன்றியோடு குடித்தேன். இருமினேன். மறுநாள் காய்ச்சல்.

ஆஸ்பிரேஷன் நிமோனியா (உணவோ நீரோ மூச்சுக்குழலில் இறங்குவதால் நுரையீரலில் வரும் அழற்சி). அந்தக் காய்ச்சலில் கட்டில் தண்ணீர்மேல் மிதந்தது. மூச்சு விடும்போதெல்லாம் நெஞ்சுக்குள் யாரோ ஈரத்துணி பிழிந்தார்கள். அது குறைந்ததும் மருத்துவர் பாக்கியத்தையும் அருகில் வைத்துக்கொண்டே சொன்னார்: "இன்னும் ஒரு தடவை இப்படி வந்தா வயித்துல துளையிட்டு நிரந்தரமா குழாய் வைக்க வேண்டி வரும். பிறகு வாய் வழியா ஒண்ணும் இல்லை."

வீடு திரும்பிய பிறகு பாக்கியம் என் சாப்பாட்டைத் தொடவில்லை. தனக்குச் சோறு வடித்து, அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றபடி சாப்பிட்டாள். எனக்கு மருந்துக்கடைச் சத்துமாவை ஷைனி சொன்ன அளவில் கரைத்துக்கொள்ளச் சொன்னாள். அதில் அட்டைப்பெட்டியின் மணம் வரும்.

"எனக்குப் பேடியா இருக்குங்க. என் கையால வேண்டாம்."

நாற்பத்திரண்டு வருஷம் அந்தக் கையால் தின்றவன் நான். வயிற்றில் துளை போடுவார்களோ என்ற பயம் ஒரு பக்கம். இனி இவள் என் எதிரே உட்கார்ந்து சாப்பிடவே மாட்டாளோ என்பது இன்னொரு பக்கம். இரண்டாவதுதான் அதிகம் அரித்தது.

ஆகஸ்டு கடைசியில், குளிர்ந்த மழை நாள் ஒன்றில், நானே அடுக்களைக்குப் போனேன். நின்றால் தள்ளாடும் என்பதால் முக்காலியில் உட்கார்ந்துகொண்டேன். மத்தனைத் தோல் சீவித் துண்டுபோட்டு ஆவியில் வேகவைத்தேன். நீரில் போட்டால் நீர் குடித்துவிடும். வெண்ணெயில் சின்ன உள்ளி (வெங்காயம்), இஞ்சி, கொஞ்சம் மிளகு வதக்கி, எல்லாவற்றையும் மிக்சியில் அரைத்து, நார் நிற்க சாயா அரிப்பில் வடித்தேன். தேங்காய் மட்டும் துருவ வரவில்லை.

பாக்கியம் வாசற்படியில் நின்றாள். "துருவித் தரேன். அதோட மதி, போதும். கலக்கிறதெல்லாம் நீங்களே."

துருவித் தந்தாள், பால் பிழிந்தும் தந்தாள். முதலில் பிழிந்த கெட்டித் தலைப்பாலை விட்டு, நுரை அடங்கட்டும் என்று நன்றாகக் கொதிக்கவிட்டேன். பிறகு வாழையிலைத் துண்டில் ஒரு கரண்டி ஊற்றிச் சரித்துப் பார்த்தேன். மஞ்சள் குவியல் அப்படியே நின்றது. அதன் அடியிலிருந்து தெளிந்த நீர் பிரிந்து, மேலே எண்ணெய் மின்ன, இலை நரம்பு வழியாகச் சரசரவென்று ஓடி என் வேட்டியில் சொட்டியது.

காய்ச்சலுக்கு முந்தின நாள் என் தொண்டைக்குள் என்ன நடந்தது என்பதை முதன்முதலாகக் கண்ணால் கண்டேன். குவியலை நான் விழுங்கியிருக்கிறேன். நீர் தன் வழியில் போயிருக்கிறது.

பாக்கியமும் அதைப் பார்த்தாள். விரலால் அந்த நீரைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "தீயை அணைச்சிட்டுத்தானே தலைப்பால் விடணும்? கொதிச்சா பிரிஞ்சுதான் போகும். இத்தனை வருஷம் அடுக்களையில என்ன நடக்குதுன்னு ஒரு தடவை எட்டிப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றாள்.

"எட்டிப் பார்த்தா நீ விரட்டுவே."

"விரட்டுவேன்தான். தள்ளி உட்காருங்க."

கரண்டி அவள் கைக்குப் போனது. மறுபடி மத்தன் வெந்தது, அரைபட்டது. குழந்தைகளுக்குக் குறுக்கு என்ற கூழ் காய்ச்சும் ஏத்தக்காய்ப் (நேந்திரங்காய்ப்) பொடியில் ஒரு ஸ்பூன் எடுத்துக் குளிர்ந்த நீரில் கரைத்து, அதோடு சேர்த்து வேகவைத்தாள். "சின்னப் பிள்ளை சாப்பாடு. சரிதான், உங்களுக்கு இன்னொரு தடவை சோறூணு நடத்தணும்" என்றாள். குழந்தைக்கு முதல் சோறு ஊட்டும் சடங்கு அது. அடுப்பை அணைத்தபின் தலைப்பால் விட்டாள். இலையில் ஊற்றி ஒரு புறம் சரித்தாள், மறு புறம் சரித்தாள். ஓடவில்லை. நிறம் அந்திவெயில் மாதிரி இருந்தது. அன்றைக்கு வெயிலே இல்லை.

நிமிர்ந்து உட்கார்ந்தேன். சின்ன ஸ்பூனில் பாதி. தாடையை மார்போடு சேர்த்து ஒரு தடவை விழுங்கி, வாயில் ஒன்றும் இல்லாமலே இன்னொரு தடவை விழுங்கி, குரல் கொடுத்துப் பார்க்க வேண்டும். குரலில் ஈரம் கேட்டால் நிறுத்திவிட வேண்டும். இது ஷைனி சொல்லித் தந்த வரிசை. உங்களுக்குச் சொல்லித் தருபவர் வேறு வரிசை சொன்னால் அதையே கேளுங்கள்.

முதலில் வெதுவெதுப்பு வந்தது. பிறகு வெண்ணெய், மிளகு, எல்லாவற்றுக்கும் பின்னால் மத்தனின் இளம் இனிப்பு. அது இறங்கும் ஒவ்வொரு இடத்தையும் உணர்ந்தேன். அறுபத்தெட்டு வயது வரை எனக்குத் தொண்டை என்று ஒன்று இருந்ததே தெரியாது. இப்போது அது பஜாரின் ஒடுங்கிய சந்து. எதிரே வண்டி வந்தால் ஒன்று நின்று வழிவிட வேண்டும்.

"ஆ" என்றேன். குரல் காய்ந்திருந்தது.

எதிரே உட்கார்ந்து என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள் பாக்கியம். நான் விழுங்கும்போதெல்லாம் அவளும் வெறும் வாயை விழுங்கினாள். பதினோராவது ஸ்பூனில் அதைக் கவனித்து எனக்குச் சிரிப்பு வந்தது.

"சிரிக்காதீங்க, புரையேறும்" என்றாள்.

"நீயும் ஊற்றிக்கோ. சும்மா ஏன் விழுங்கறே?"

சட்டியோடு எடுத்துவந்து, எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். "உப்பு இல்லையே" என்றாள்.

பண்டகசாலை நாட்களில் மத்தியானச் சோற்றை ஆறு நிமிஷத்தில் முடித்துவிட்டு எழுவேன். இந்தக் கிண்ணத்துக்கு ஒரு மழை முழுவதும் தேவைப்பட்டது. தூறலாய் இருந்தபோது தொடங்கினேன், ஓடு அதிரப் பெய்தபோது பாதியில் இருந்தேன், கடைசி ஸ்பூனில் அது ஓய்ந்திருந்தது. இப்போதெல்லாம் நேரம் என் வாய்க்குள் இருக்கிறது. நான் விழுங்கினால்தான் நகரும். அவசரப்படுத்த எனக்கும் தோன்றுவதில்லை.

மருத்துவமனைக் கணக்கு வேறு, அதை இன்னும் கூட்டிப் பார்க்கவில்லை. அன்றைய சூப்புக்கு, பிரிந்துபோன முதல் சட்டியையும் சேர்த்து, ஆனது பத்தொன்பது ரூபாய் ஐம்பது காசு.