நான்கு முறை முயன்றும்

அந்த அச்சக ஃபோர்மேன் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. தீர வேண்டும் என்று விருப்பமும் இல்லை.

எண்பதுகளின் கடைசி. எனக்கு இருபது வயது. ஊரப்பாக்கத்திலிருந்து ரயிலேறித் தாம்பரம் வந்து கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் இருந்ததைவிட வாசிப்பறையில் இருந்த நேரம்தான் அதிகம். லண்டன் பேப்பர்கள் இரண்டு வாரம் தாமதமாக அங்கே வரும். கடைசிப் பக்கத்தின் அடியில், கண்ணைப் பிடுங்கும் பொடி எழுத்தில், ரக்பி முடிவுகள் இருக்கும். அதிலும் எனக்கு வேண்டியது இரண்டாம் டிவிஷன் மட்டும்.

கூடப் படித்த சிட்டிப் பையன்கள், ரயிலில் வந்துபோகிற எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். "டேய், செங்கல்பட்டு மாவட்டம்!" என்பார்கள். முதல் டிவிஷனை அவர்களே வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். வட இங்கிலாந்தில் ஒரு துறைமுக ஊர்; அதன் அணியைப் பிடித்துக்கொண்டேன். அப்போது அந்த ஆட்டத்தில் சம்பளம் கிடையாது. வாரமெல்லாம் வேலை பார்த்துவிட்டுச் சனிக்கிழமை சேற்றில் புரண்டு எழுந்து போகிற ஆட்கள். சீசன் முடியும்போது முதல் இரண்டு இடத்தில் இருந்தால் மேல் டிவிஷனுக்குப் போகலாம். மற்றவர்கள் கிடந்த இடத்திலேயே கிடக்க வேண்டியதுதான்.

நகரத்து நாளிதழ் ஒன்றில் விளையாட்டுப் பகுதியைக் கவனித்தவரிடம் வேலை கேட்டுப் போயிருந்தேன். அவர் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "துண்டு துண்டா எழுதறவன் ஊர்ப்பட்ட பேர் இருக்கான். ஏதாவது ஒரு ஆட்டம், ஒரு சீசன் முழுக்க எழுது. அச்சுல வந்ததைக் கொண்டா. நடுவுல ஒண்ணு விட்டுப் போயிருந்தாலும் வராதே."

அச்சில் வர எனக்கு இருந்த ஒரே வழி தாம்பரத்து வாரப் பத்திரிகை. நான்கு பக்கம். மூன்றில் மனை விளம்பரம், மிச்சத்தில் சாக்கடை அடைப்பும் கோயில் திருவிழாவும். ஆசிரியர் என் முதல் கட்டுரையை மோந்து பார்ப்பது போலத் தூக்கிப் பிடித்தார்.

"இங்கிலாந்துல இரண்டாம் டிவிஷன். அதைத் தாம்பரத்துல யாரு படிப்பா?"

"நல்லா ஆடறாங்க சார். ஜெயிக்கிறாங்க."

"சரி, ஜெயிக்கிற வரைக்கும் போடறேன். தோத்த டீமுக்கு என் பேப்பர்ல எடம் கிடையாது. தோத்தா அன்னியோட நிறுத்திடணும்."

என் அணி தோற்காது என்று இருபது வயதில் தோன்றியது. ஒப்புக்கொண்டேன்.

ஃபோர்மேன்தான் அங்கே எல்லாம். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து அச்சுக் கோர்ப்பவர், பிழை பார்ப்பவர், மிஷின் ஓட்டுபவர், மூன்றும் அவர். ஒரு காலத்தில் தாம்பரத்து ஃபுட்பால் டீமில் கோல்கீப்பராக நின்றவர். என் தாளை வாங்கியதும் மூக்கைச் சுளித்தார்.

"பந்தைக் கைல தூக்கிக்கினு ஓடறது ஒரு ஆட்டமா? எங்க கிரவுண்டுல அப்டி ஓடினா தொரத்தித் தொரத்தி அடிப்போம்."

"அங்கயும் தொரத்தித்தான் அண்ணா அடிக்கிறாங்க."

"அண்ணான்ற வேலையெல்லாம் வச்சுக்காத."

ஆனாலும் கட்டுரைகள் வந்தன. பேப்பரில் இருக்கும் நான்கு வரியை வைத்து நான் நாற்பது வரி எழுதுவேன். மழை, சேறு, கிழிந்த சட்டை, கூட்டத்தின் கூச்சல் எல்லாம் என் கைச்சரக்கு. என் அணி ஜெயித்துக்கொண்டே இருந்தது; சமனில் முடிந்த சில ஆட்டங்களையும் தோல்வி இல்லை என்று வாதாடிப் போட வைத்தேன். பொங்கலுக்குப் பிறகு வந்த இதழைப் பிரித்துப் பார்த்தபோதுதான் எனக்குத் தலை சுற்றியது.

நான் எழுதியது, "நான்கு ட்ரை போட்டு வென்றது." அச்சில் வந்தது, "நான்கு முறை முயன்றும் வெல்ல முடியவில்லை."

ரக்பியில் ட்ரை என்பது எதிரியின் எல்லைக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்துவது. அதற்குப் புள்ளி உண்டு. நம் ஊரில் ட்ரை பண்ணினான் என்றால் அவனால் முடியவில்லை என்று அர்த்தம். ஃபோர்மேன் முதலில் ட்ரையைத் தமிழாக்கியிருக்கிறார். அப்புறம் வாக்கியம் இடிக்கிறதே என்று முடிவையும் மாற்றிவிட்டார்.

ஓடினேன். ஆசிரியர் எனக்கு முன்னாலேயே முடிவெடுத்திருந்தார்.

"தோத்துட்டாங்களாமே. நிறுத்திடு தம்பி."

"ஜெயிச்சாங்க சார்! இவர்தான் தோக்கடிச்சார்!"

ஃபோர்மேன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ட்ரை பண்ணானுங்கோன்னு நீதான எழுதன? கோல் போட்டவன் எவனாவது ட்ரை பண்ணேன்னு சொல்லுவானா? தமிழ் தெரியாதவன் எல்லாம் எழுத வந்துட்டான்."

"ரக்பி தெரியாத நீங்க எதுக்குத் திருத்தறீங்க?"

"தெரியாதா? எங்க, போட்டுக் காட்டு உன் ட்ரைய. நான் நிக்கறேன்." மிஷினுக்கு முன்னால் காலை அகட்டி, கைகளை விரித்து, கோல்கீப்பராகவே நின்றுவிட்டார். ஆசிரியரும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

கழிவுத் தாளைச் சுருட்டி நூல் கட்டினேன். அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடினேன். வலது பக்கம் போவதாகக் காட்டி இடது பக்கம் பாய்ந்தேன். அவர் என் சட்டைக் காலரைப் பிடித்தார், காலர் அவர் கையில் தங்கியது. நான் அவரைத் தாண்டி விழுந்து பந்தைத் தரையில் அழுத்தினேன்.

சுத்தமான ட்ரை. விழும்போது என் கால் மேஜையை இடித்ததுதான் தப்பாகிவிட்டது. கோர்த்து நூல் கட்டி வைத்திருந்த ஒரு முழுப் பக்கம், அடுத்த வாரத்து மனை விளம்பரம், சடசடவென்று தரையில் கொட்டியது. ஊரப்பாக்கமும் கேளம்பாக்கமும் தனித்தனி எழுத்துகளாக மிஷினுக்கு அடியில் உருண்டன.

ஆசிரியர் எழுந்து மேஜைக்கு அடியில் எட்டிப் பார்த்தார்.

"இதுக்கு எத்தினி பாயிண்டு?" என்றார் ஃபோர்மேன்.

ஆசிரியர் தீர்ப்பு சொன்னார். கொட்டிய எழுத்து ஒவ்வொன்றையும் அதனதன் அறையில் நானே பிரித்துப் போட வேண்டும். அடுத்த கட்டுரைக்கு முன்னால் முடித்தால் தொடரலாம். முடிக்காவிட்டால் வீட்டுக்குப் போகலாம்.

நான்கு சாயங்காலம் குந்தி உட்கார்ந்து பொறுக்கினேன். அவர் பின்னாலேயே நின்றார். "அது றன்னகரம். டண்ணகரம் அறைல போடற. இவரு இங்கிலாந்துக்கு எழுத்து கத்துக் குடுக்கறாராம்!" விரல் நுனியெல்லாம் மை. ரயிலில் பக்கத்தில் இருந்தவர்கள் தள்ளி உட்கார்ந்தார்கள். முடித்துவிட்டேன். கட்டுரை தொடர்ந்தது. அதன் பிறகு ட்ரை என்று வந்த இடத்தில் எல்லாம் அவர் "ட்ரை (என்னமோ)" என்று கோர்த்தார். ஆசிரியர் அதைக் கண்டுகொள்ளவில்லை.

ஏப்ரல் கடைசி. ஒரே ஓர் ஆட்டம் பாக்கி. ஜெயித்தால் மேல் டிவிஷன்.

வாசிப்பறையில் அந்தப் பேப்பரை நின்றபடியே படித்தேன். தோற்றிருந்தார்கள். முன்னிலையில் இருந்து, கடைசி நிமிடத்தில் கோல் கம்பங்களுக்கு நேர் எதிரே தப்புப் பண்ணி, எதிரிக்கு ஒரு பெனால்டி கொடுத்து, அவன் பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து அனுப்பத் தோற்றார்கள். மூன்றாம் இடம். அத்தனை மாதம் நான் தூக்கிச் சுமந்த கழுதைகள்.

ஜெயித்ததாக எழுதிவிடலாம். தாம்பரத்தில் யாருக்குத் தெரியும்? வெள்ளைத் தாளை எடுத்து முதல் வரியும் எழுதினேன். ஆனால் அந்தப் பெனால்டியைக் கொடுத்தவன் மேல் இருந்த ஆத்திரம் என்னைப் பொய் சொல்ல விடவில்லை. அவன் செய்தது நான்கு பேருக்காவது தெரிய வேண்டும். மழை இல்லை, சேறு இல்லை, பன்னிரண்டே வரி எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஆசிரியர் தலைப்பைப் பார்த்ததுமே தாளைத் திருப்பி நீட்டினார். "பேச்சு பேச்சா இருக்கணும் தம்பி. தோத்தா கிடையாது."

"சார், இது ஒண்ணு இல்லன்னா மத்தது எல்லாம் வீண் சார்."

ஃபோர்மேன் என் தோளுக்கு மேலாக எட்டித் தாளைப் பிடுங்கினார். நின்றபடியே படித்தார். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை.

"தோத்துட்டானுங்களா! கைல தூக்கிக்கினு ஓடி ஓடி, கடசீல காலால ஒதச்சவன்கிட்ட தோத்தானுங்களா! சார், இத்த போட்டே ஆவணும்."

"தோத்தா போடறதில்லைன்னு..."

"இது வரலன்னா நான் மிஷின்ல கை வெக்க மாட்டேன். நீங்களே ஓட்டிக்கங்க."

மனை விளம்பரத்துக்கு வைத்திருந்த பெரிய எழுத்தில் "தோற்றது" என்று தலைப்புக் கோர்த்தார். கீழே இருந்த பன்னிரண்டு வரியில் ஓர் எழுத்தைக்கூடத் தொடவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கோர்த்தார். நன்றி என் தொண்டை வரைக்கும் வரவில்லை. கிழிந்த காலருக்கு அவர் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

நகரத்து நாளிதழ்க்காரர், நான் கட்டுரைகளை ஒட்டிக் கொண்டுபோன ஃபைலை வேகமாகப் புரட்டினார். சேறும் மழையும் நிறைந்த பக்கங்களை எல்லாம் நிற்காமல் தாண்டினார். கடைசிப் பக்கத்தில்தான் நின்றார். இரண்டு தடவை படித்தார்.

"இதை மட்டும்தான் ஒழுங்கா எழுதியிருக்க. திங்கக்கிழமை வா."

ஃபோர்மேனிடம் இதைச் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் வேலையை அவர்தான் வாங்கிக் கொடுத்ததாகத் தாம்பரம் முழுக்கச் சொல்லித் திரிந்திருப்பார்.