ரிசர்வில் ஓடிய தூரம்

பெட்ரோல் தீரும்போது வண்டி உடனே நின்றுவிடாது. முதலில் ஒரு தடவை திக்கும். உடம்புக்கு அடியில் இருக்கிற ஓட்டம் சட்டென்று காணாமல் போய், மறுபடி வந்து ஒட்டிக்கொள்ளும். அடுத்த திக்கலுக்குள் இடது கையைக் கீழே விட்டு, டேங்குக்கு அடியில் துழாவி, அங்கே இருக்கிற சின்னத் திருகை மெயினிலிருந்து, அவசரத்துக்கென்று டேங்கின் அடியில் மிஞ்சுகிற ரிசர்வுக்குத் திருப்பிவிட வேண்டும். பழகியவர்கள் வண்டியை நிறுத்தாமலே செய்வார்கள். நானும் பழகியிருந்தேன். ஆனாலும் கை அங்கே போகிற ஒவ்வொரு முறையும் ஒரு பயம் வரும். திருகு ஏற்கெனவே ரிசர்வில் இருந்துவிட்டால் என்ன செய்வது?

நான் கிராம சுகாதாரச் செவிலியர். வீடு விருத்தாசலத்தில், செராமிக் கம்பெனிகள் இருக்கிற பக்கம். வேலை மங்கலம்பேட்டையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற சின்னச் சின்ன ஊர்களில். என் கணவர் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால், தன்னுடைய கியர் வண்டியை எனக்கு ஓட்டப் பழக்கிவிட்டுப் போனார். அவர் அதைப் பழைய வண்டியாகத்தான் வாங்கியிருந்தார். முன்பு வைத்திருந்த யாரோ அழகுக்காக அதன் டேங்கைக் கழற்றிவிட்டு, ஒல்லியான டேங்க் ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். நிரப்பினால் அடுத்தவர் வண்டிக்குப் போடுவதில் பாதிதான் பிடிக்கும். பெட்ரோல் அளவு காட்டுகிற முள்ளும் அந்த மாற்றத்தோடு செத்துப்போயிருந்தது. அதனால் ஒவ்வொரு தடவை நிரப்பும்போதும் கிலோமீட்டர் எண்ணைப் பார்த்து மனதில் போட்டுக்கொள்வேன். கர்ப்பிணிகளின் தேதியையும் குழந்தைகளின் ஊசித் தேதியையும் நினைவில் வைத்திருப்பதுபோல இதுவும் ஒன்று.

போன வருஷம் ஒரு பிற்பகல். தடுப்பூசி நாள். கடைசி ஊரை முடித்துக்கொண்டு மங்கலம்பேட்டை பெட்ரோல் பங்குக்கு வந்தேன். வாசலில் கயிறு கட்டி, ஸ்டாக் இல்லை என்று அட்டை தொங்கவிட்டிருந்தார்கள்.

"லோடு சாயங்காலம்தான் வரும் மேடம்," என்றார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்.

என் கணக்குப்படி மெயினிலேயே இன்னும் கொஞ்சம் இருக்க வேண்டும். ரிசர்வை இன்னும் தொடவில்லை. அப்படியே நேராக விருத்தாசலம் போய்விடலாம் என்று வண்டியைத் திருப்பும்போது போன் வந்தது. முந்திரிக்காட்டுக்கு அந்தப்புறம் இருக்கிற குடியிருப்பிலிருந்து ஒரு பெண். பிரசவமாகி ஒரு மாதம்கூட ஆகாதவள்.

"நர்ஸம்மா, புள்ள காலையிலேருந்து பாலே குடிக்கலைங்க. ஒடம்பு அனலா கொதிக்குது. கூப்புட்டா கண்ணையே தொறக்க மாட்டேங்குது."

பச்சைக்குழந்தை பால் குடிக்கவில்லை என்றால் அதற்கு மேல் எனக்கு எதுவும் கேட்கத் தேவையில்லை. போய்ச் சேர்ந்தேன். குழந்தை துவண்டு கிடந்தது. வழியிலேயே ஆம்புலன்சுக்குச் சொல்லியிருந்தேன், அதுவும் வந்துவிட்டது. தாயையும் பிள்ளையையும் ஏற்றிவிட்டு, கூடவே அவளுடைய மாமியாரையும் உட்கார வைத்து அனுப்பினேன். ஆம்புலன்ஸ் பின்னாலேயே போயிருக்கலாம். ஆனால் அதன் வேகத்துக்கு ஓட்டினால் என் டேங்க் தாங்காது. அந்தக் குடியிருப்பில் பாட்டிலில் பெட்ரோல் வாங்க ஒரு பெட்டிக்கடைகூடக் கிடையாது. டாப் கியரில் போட்டு, ஆக்சிலேட்டரை முறுக்காமல், ஒரே சீராகப் போனால் போய்விடலாம். தடுப்பூசிப் பெட்டியைப் பின் சீட்டில் இழுத்துக் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

காட்டுக்குள் பாதி தூரம் வந்திருப்பேன். வண்டி திக்கியது. கை கீழே போயிற்று. திருகு மெயினில்தான் இருந்தது. ரிசர்வுக்குத் திருப்பியதும் வண்டி ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு மறுபடி ஓடியது. 'ரிசர்வுல போட்டா பயமில்லாம டவுனுக்கே வந்துரலாம்' என்று என் கணவர் சொன்னதை ஒருமுறை மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அந்தப் பேச்சு எவ்வளவு உண்மை என்று நான் சோதித்துப் பார்த்ததே இல்லை. ரிசர்வில் விழுந்ததும் எப்போதும் அடுத்த பங்கில் நிரப்பிவிடுவேன்.

அப்போதுதான் கண்ணாடியில், ஒரே ஆள் ஓட்டிவரும் மோட்டார் சைக்கிள் ஒன்று தெரிந்தது. முதலில் எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. வழியில் நின்றுவிட்டால் உதவி கேட்க ஓர் ஆள் இருக்கிறது என்று நினைத்தேன். அது முந்திப் போகட்டும் என்று ஓரம் ஒதுங்கினேன். போகவில்லை. நான் மெதுவாகப் போனால் அதுவும் மெதுவாக வந்தது. கொஞ்சம் முறுக்கினால் அதுவும் முறுக்கியது. இரண்டு பக்கமும் முந்திரி மரங்கள் தரையைத் தொடுகிற மாதிரி கவிந்திருந்தன. மழை வருகிற மூட்டம் வேறு. எனக்கு முன்னால் ரோட்டில் யாரும் இல்லை.

வேகமாகப் போனால் பெட்ரோல் தீர்ந்துவிடும். மெதுவாகப் போனால் அவன் என் பக்கத்தில் வந்துவிடுவான். இந்த இரண்டுக்கும் நடுவில் எந்த வேகத்தில் போவது என்று எனக்குப் புரியவில்லை. 

அவன் பக்கத்தில் வந்தான். முகத்தில் துண்டைச் சுற்றியிருந்தான். கண் மட்டும் தெரிந்தது.

"அக்கா, கொஞ்சம் நில்லுங்க."

"எதுக்கு?"

"நில்லுங்க, சொல்றேன்."

நான் நிறுத்தவில்லை. அவன் அப்படியே பக்கத்தில் வந்துகொண்டே இருந்தான்.

"இம்மாந்தூரம் ஒத்தையாவா வந்துட்டுப் போறீங்க?" என்று கேட்டான்.

குரலில் மிரட்டல் எதுவும் இல்லை. சாதாரணமாகத்தான் கேட்டான். அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது. அவன் சட்டென்று முறுக்கி என்னை முந்திக்கொண்டு போனான். போய்த் தொலைந்தான் என்று நினைத்தேன். அடுத்த வளைவில் திரும்பினால், வண்டியை ரோட்டோரம் ஸ்டாண்டு போட்டுவிட்டு, நடு ரோட்டில் கையை நீட்டிக்கொண்டு நின்றிருந்தான்.

திரும்பி ஓட இடமில்லை. அவனுக்கு இடதுபுறம் மணல் சரிந்த ஓரம் இருந்தது. அதில் வண்டியை இறக்கினேன். பின் சக்கரம் மணலில் ஆடியது. நான் தாண்டும்போது அவன் கை எட்டித் தடுப்பூசிப் பெட்டியின் வாரைப் பிடித்தது. வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போயிற்று. விழுந்துவிட்டேன் என்றே நினைத்தேன். வார் அவன் கையிலிருந்து நழுவியது. ரோட்டில் ஏறி, பெட்ரோலை மறந்து முழுக்க முறுக்கினேன்.

கொஞ்ச தூரம்தான். வண்டி மறுபடி திக்கியது. கை தன்னாலே கீழே போயிற்று. திருகு ரிசர்வில் இருந்தது. அதற்கு மேல் திருப்ப எதுவும் இல்லை. எஞ்சின் அணைந்தது. உருண்ட வரைக்கும் உருண்டு நின்றது.

அந்தக் காட்டில் அதற்குமுன் அவ்வளவு அமைதியை நான் கேட்டதில்லை. பின்னால், நான் தாண்டிவந்த இன்னொரு வளைவுக்கு அந்தப்பக்கம், அவன் தன் வண்டியைக் காலால் உதைப்பது கேட்டது. ஒரு உதை. இன்னொரு உதை. கிளம்பவில்லை.

ஓடிவிடலாம் என்றுதான் தோன்றியது. மரங்களுக்குள் நுழைந்தால் என்னை யாரும் பார்க்க முடியாது. எனக்கு நடப்பதும் யாருக்கும் தெரியாது. அந்த நினைப்பு வந்ததும் ஓடவில்லை. எங்கள் டேங்க் நடுவில் பள்ளமாக, குதிரைச் சேணம்போல இரண்டு பக்கமும் தொங்குவது. பெட்ரோல் இறங்குகிற குழாய் இடது பக்கம். வலது பக்கத்து அடியில் எப்போதும் கொஞ்சம் பெட்ரோல் இந்தப்பக்கம் வர வழியில்லாமல் தேங்கி நிற்கும். என் கணவர் ஒருமுறை செய்து காட்டியிருக்கிறார். இடது பக்கம் இறங்கி, வண்டியை என் பக்கமாக, ஏறக்குறைய தரை தொடுகிற அளவு சாய்த்தேன். கனம் கையை முறித்தது. உள்ளே களக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். நிமிர்த்தினேன். அந்த நேரத்தில் பின்னால் அவன் வண்டி கிளம்பிவிட்டது.

உதைத்தேன். இருமியது. மறுபடி உதைத்தேன். பிடித்துக்கொண்டது.

வளைவைத் தாண்டி அவன் வருவது கண்ணாடியில் தெரிந்தபோது மரங்கள் முடிந்து வெளிச்சம் வந்தது. வலது பக்கம் மல்லாட்டைக் கொல்லை. கடலைச் செடிகளுக்கு நடுவே பெண்கள் குனிந்து களை வெட்டிக்கொண்டிருந்தார்கள். வரப்பு, செடி எதையும் பார்க்காமல் வண்டியை அவர்களை நோக்கி விட்டேன். செடிகளுக்கு நடுவே வண்டி நின்றது. நான் அதோடு சாய்ந்தேன்.

"என்னா நர்ஸம்மா, இப்டி வந்து வுழுவுறீங்க?" ஒரு பெண் ஓடிவந்து தூக்கினாள். அவள் பேத்திக்கு ஊசி போட்டிருக்கிறேன்.

நான் ரோட்டைக் காட்டினேன். அவன் நிறுத்தி, ஒரு காலைத் தரையில் ஊன்றி, எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெண்கள் எல்லோரும் நிமிர்ந்தார்கள். கையில் களைக்கொத்தோடு ரோட்டைப் பார்த்து நடந்தார்கள்.

"யாருப்பா அது? என்னா வேணும்?" என்றாள் முன்னால் போனவள்.

அவன் அவசரப்படாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே போனான். நான் பயந்ததுபோல அவன் பயந்ததாகத் தெரியவில்லை.

"ஒங்களுக்குத் தெரிஞ்ச ஆளாங்க?"

"தெரியாதும்மா."

"நாங்களே இந்தக் காட்டுல ஒத்தையா வர்றதில்ல நர்ஸம்மா. வந்தா எல்லாருமா வருவோம், போனா எல்லாருமா போவோம். ஒங்களுக்கு யாரும் சொல்லலையா?"

யாரும் சொல்லவில்லை. நானும் கேட்டதில்லை.

வேலையைப் போட்டுவிட்டு மெயின் ரோடு வரைக்கும் என்னோடு வந்தார்கள். வண்டியை அவர்களே மாற்றி மாற்றித் தள்ளினார்கள். என்னைத் தொடவிடவில்லை. மெயின் ரோட்டு டீக்கடைக்காரர் தன் வண்டியிலிருந்து பெட்ரோல் பிடித்து ஊற்றிக் கொடுத்தார். நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். குழந்தைக்கு டிரிப் ஏறிக்கொண்டிருந்தது. நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்று டாக்டர் அந்தத் தாயிடம் சொன்னாராம். சில நாளில் பிள்ளை தேறிவிட்டது.

போலீஸ் ஸ்டேஷனிலும் சொன்னேன். முகம் தெரியாது, வண்டி நம்பர் பார்க்கவில்லை. கேட்டுக்கொண்டார்கள். அவன் யார் என்று இன்றுவரைக்கும் தெரியாது. டீக்கடையில், பஸ் ஸ்டாண்டில், முகாமுக்கு மனைவியோடு வந்து நிற்கிறவர்களில், அவன் இருக்கலாம். துண்டு சுற்றாத முகமாக இருந்தால் எனக்கு அடையாளம் தெரியப்போவதில்லை. அவனுக்கு என்னைத் தெரியும்.

கணவரிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். 

"நான் வந்துரட்டுமா?" என்றார்.

"வேணாங்க. வந்தா மட்டும் தெனமும் என் பின்னாடியே வருவீங்களா?" என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு காரியம் செய்தேன். வண்டி திக்கி ரிசர்வுக்குத் திருப்பியதும், எங்கள் தெருவையும் செராமிக் கம்பெனி ரோடுகளையும் சுற்ற ஆரம்பித்தேன். எவ்வளவு தூரம் ஓடும் என்று பார்த்துவிட வேண்டும் என்று. காயவைத்த செராமிக் பொம்மைகளைப் பலகையோடு தூக்கிப்போன பெண்கள் நான் திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்துச் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்திலேயே வண்டி நின்றுவிட்டது. வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வர வேண்டியிருந்தது. டவுனுக்கு என்ன, அந்தக் காட்டைத் தாண்டவே அது போதாது.

மெக்கானிக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார். முன்பு பெட்ரோல் ஒழுகியதற்காக யாரோ மாற்றிப் போட்ட திருகாம் அது. மெயினுக்கு டேங்குக்குள் நிற்கிற குழாய் எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரத்துக்கு நிற்கிற பெட்ரோல்தான் ரிசர்வ். மாற்றிப் போட்ட திருகில் அந்தக் குழாய் குட்டை. அத்தனை நாளும் நான் நம்பி ஓட்டிய தூரம் அந்த டேங்கில் இருந்ததே இல்லை. அதைக் கேட்ட அன்று இரவு சாப்பிட முடியவில்லை. எத்தனை நாள் அந்த வழியில் நம்புகிற ரிசர்வே இல்லாமல் போய்வந்திருக்கிறேன் என்று நினைக்க நினைக்க, நடந்ததைவிட நடக்காதது பெரிதாகத் தெரிந்தது.

திருகை மாற்றிவிட்டேன். கிலோமீட்டர் கணக்குப்படி டேங்க் பாதி ஆனதும் நிரப்பிவிடுகிறேன். அந்தக் குடியிருப்புக்கு மறுபடி போக வேண்டிய நாள் வந்தபோது, பக்கத்து ஊர் அங்கன்வாடி டீச்சரைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டேன். அவர் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். முந்திரிக்காட்டுக்குள் ஓரிடத்தில் மரத்தடியில் ஒரு மோட்டார் சைக்கிள் ஸ்டாண்டு போட்டு நின்றது. பக்கத்தில் ஆள் யாரும் இல்லை. டீச்சரின் பேச்சு நின்றது. என் தோளில் அவர் கை இறுகியது.

யாரோ விறகு பொறுக்க வந்தவராக இருக்கலாம். நான் வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. காடு முடிகிற வரைக்கும் டீச்சர் என் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை.