ஏழாம் லயத்துக்கு வந்த கடிதம்

முதல் அறிகுறி மழையில் தெரிந்தது. தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் தகரக் கூரையில் மழை அறைந்தது. என் பேத்தி தேவி விழிக்கவேயில்லை. மண்சரிவில் எங்கள் வரிசைவீடான ஏழாம் லயம் போனபின், குடும்பத்தில் நாங்கள் நால்வரும் அங்கேதான் இருந்தோம். மடுவத்துக்குச் சுவர்கள் மூன்று.

அவளுக்கு ஐந்து வயது. மெனிஞ்சைடிஸ் (மூளையுறை அழற்சி) வந்து பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பியிருந்தாள்.

“காது நரம்பு போயிட்டுது, ஐயா,” என்றார், மறுபடி கொண்டுபோய்க் காட்டியபோது, ஆஸ்பத்திரியின் யாழ்ப்பாணத்து டாக்டர். “கேக்காத பிள்ளைக்குத் தெரிஞ்ச சொல்லும் உதிர்ந்து போகும். விசேட வகுப்பில கெதியா, பிந்தாமல் சேக்க வேணும். அது அவளின்ர உரிமை. விண்ணப்பம் போட்டா கல்வி அலுவலகத்தில இருந்து கடிதம் வரும்.”

விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். முப்பத்தொரு வருடம் தோட்டப் பள்ளியில் படிப்பித்த எனக்கு ‘மடுவம்’ என்று எழுதக் கை வரவில்லை. ‘ஏழாம் லயம், நான்காம் காம்பிரா’ என்று, மண்ணுக்குள் போன பழைய அறையையே எழுதினேன்.

அன்றிரவே தேவி பேசும் சொற்களைக் கொப்பியில் எழுதினேன். நாற்பத்தொன்று. மறைந்த சொல்லை அடித்துக்கொண்டு வந்தேன்; விண்ணப்பித்த ஒன்பதாம் மாதம் மிஞ்சியது பன்னிரண்டு. ‘சோறு’ வெறும் ‘ஓ’ ஆகியிருந்தது.

தோட்டத்துக் கடிதங்களைக் கணக்கப்பிள்ளை காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் லயம் லயமாகக் கூப்பிட்டுக் கொடுப்பார். தினமும் போய் நின்றேன். பதினோராம் மாதம் பொறுக்காமல் ஹட்டன் கல்வி அலுவலகத்துக்குப் போனேன். கடிதம் எப்போதோ அனுப்பியாயிற்று, இடம் வேறு பிள்ளைக்குப் போய்விட்டது என்றார்கள்.

திரும்பி வந்து கேட்டதும் கணக்கப்பிள்ளை மேசை லாச்சியிலிருந்து அதை எடுத்துக் கொடுத்தார்.

“ஏழாம் லயந்தான் மண்ணுக்குள்ள போயிருச்சே, வாத்தியாரே. செத்த லயத்த எப்புடிங்க பெரட்டுல கூப்புடுறது?”

“தினமும் உங்க முன்னாலதானே நின்னேன்?”

“நின்னீங்க. கேக்கலையே! மடுவம்னு எழுதியிருந்தா நான் கொழுந்து நிறுக்க வந்தப்பவே குடுத்திருப்பேன். கௌரவம் பாத்தீங்களாக்கும்.”

பக்கத்தில் நின்ற இருவர் சிரித்தார்கள்.

மறுபடி விண்ணப்பித்தேன், மடுவம் என்றே எழுதி. இடம் கிடைக்க இன்னும் பதினான்கு மாதம். தேவி வகுப்பில் சேர்ந்த அன்று கொப்பியில் அடிக்காத சொல் ஒன்றும் இல்லை.

இதே நிலையில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: எங்கே படுக்கிறீர்களோ அதையே விலாசமாக எழுதுங்கள். வீடு போனதால் பிள்ளையின் உரிமை போகாது. கடிதம் வரும்வரை காத்திருக்காதீர்கள், போய்க் கேளுங்கள்.

நான் இப்போது நாட்களை எண்ணுவதில்லை. காலையில் தேவி தன் உள்ளங்கையை என் தொண்டையில் வைப்பாள். அந்த நாற்பத்தொரு சொற்களையும் சொல்வேன். தொண்டையின் அதிர்வு மட்டும் அவளுக்குத் தெரிகிறது. முடிந்ததும் என் கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்து வாயைத் திறப்பாள்.

என் விரல்களுக்கு அவளுடைய நாடித்துடிப்பு மட்டும் கேட்கிறது.