கடல் தாண்டி வந்த பாலாடை

கூடத்தில் ஊன்றுதடி இரண்டு முறை தரையைத் தட்டியது. அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த பாகீரதியின் கை அப்படியே நின்றது. எந்த இரைச்சலிலும் அந்தத் தட்டலை அவள் இனம் கண்டுகொள்வாள். காலஞ்சென்ற புருஷனின் தமையன் சேஷன் வந்துவிட்டார்!

"வாலாம்பாள் எங்கே?"

"இதோ இருக்கேன் பெரியப்பா. நமஸ்காரம் பண்றேன்."

"தள்ளி நில்லு. நமஸ்காரமெல்லாம் பிராயச்சித்தத்துக்கு அப்புறம்."

பாகீரதி கையைத் துடைத்துக்கொண்டு கதவு மறைவில் போய் நின்றாள். ஸ்ரீவராகம் அக்கிரகாரத்துக்கு மருமகளாக வந்து இருபத்தேழு வருஷம். மைத்துனர் எதிரே அவள் ஒரு நாளும் வந்ததில்லை. சொல்ல வேண்டியதை எல்லாம் அந்தக் கதவின் பின்னால் நின்றுதான் சொன்னாள். பதினோரு வயசில் தாலி கட்டிக்கொண்ட வாலாம்பாள் பதின்மூன்றில் அதை இழந்தபோது, நாவிதனை அழைத்துக்கொண்டு இதே சேஷன் வந்து நின்றார். அன்று கதவுக்குப் பின்னாலிருந்து ஒரே ஒரு சொல் வந்தது: "மாட்டேன்." குழந்தையின் கூந்தல் பிழைத்தது. அந்தக் கூந்தலைப் பின்னிக்கொண்டுதான் அவள் பள்ளிக்கூடம் போனாள். பிறகு ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்புக்குச் சேர்ந்தாள். இரண்டு வருஷம் முன்பு சர்க்கார் செலவில் லண்டனுக்கும் கப்பலேறினாள். திரும்பி வந்து இன்று நாலாவது நாள்.

"கேட்டியா பாகீரதி," என்று கதவைப் பார்த்துப் பேசினார் சேஷன். "வெள்ளிக்கிழமை வாத்தியார் வருவார். பஞ்சகவ்யம் சாப்பிட்டு, கடல் தாண்டின பாவத்தை இவள் தொலைச்சுக்கணும். ஆஸ்பத்திரி உத்தியோகமும் வேண்டாம். இல்லைன்னா இந்தத் தெருவில் ஒரு வீட்டு விசேஷத்துக்கும் இந்த ஆத்துக்கு அழைப்புக் கிடையாது. நாளைக்கு உனக்கு ஒண்ணு ஆனால் தூக்க நாலு பேர் வரமாட்டா. ஓர்மை இருக்கட்டும்!"

பாகீரதி சாமி படத்தைத் திரும்பிப் பார்த்தாள். திங்கட்கிழமை வாலாம்பாள் வார்டில் வேலைக்குச் சேர வேண்டிய நாள். உத்தரவுக் கடிதம் அதன் அடியில்தான் இருக்கிறது.

"அங்கே என்னதான் பண்ணினே? வெள்ளைக்காரன் எச்சில் கழுவினியா?"

வாலாம்பாள் சிரித்தாள். "கழுவினேன் பெரியப்பா. முதல் வாரத்திலேயே ஒரு கிழவியை நனைச்சும் விட்டேன்."

"நனைச்சியா?"

"ஹாரிஸ்னு பேர். பாரிசவாயுவில் ஒரு பக்கம் விழுந்துபோச்சு. தண்ணி கேட்டா. நான் நம்மாத்து வழக்கப்படி டம்ளரை உதட்டில் படாமல் தூக்கி வாய்க்குள்ளே விட்டேன். அண்ணாந்து குடிக்கிறது அவளுக்கு எங்கே தெரியும்! மூக்கு, மூக்குக்கண்ணாடி, தலையணை, எல்லாம் வெள்ளம். 'பெண்ணே, எனக்குக் குளியல் சனிக்கிழமைதானே?' என்கிறா. வார்டே சிரிச்சுது. சிஸ்டர் மாத்திரம் சிரிக்கலை. நல்லா வாங்கிக் கட்டிண்டேன்."

கதவுக்குப் பின்னால் பாகீரதி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். வாராவாரம் வந்த கடிதங்களில் பெண் இதை எழுதவே இல்லையே!

"அப்புறம் சிஸ்டர், மூக்கு வைத்த ஒரு பீங்கான் கிண்ணியைக் காட்டினா. இது குழந்தைக்குப் பால் புகட்டற நம்ம பாலாடை ஆக்குமேன்னு எனக்கு ஒரே சந்தோஷம். பெட்டியிலே அம்மா வெச்சிருந்த வெள்ளிப் பாலாடையை எடுத்துக் காட்டினேன். கொதிக்க வெச்சு எடுத்துக்கோன்னு அனுமதி கொடுத்தா. தலையை எப்படிக் குனிய வைக்கணும், எந்தக் கடைவாயில் விடணும், எப்போ நிறுத்தணும், எல்லாம் சொல்லிக் கொடுத்தா. ரெண்டு மாசம் அந்தக் கிழவி அதில்தான் குடிச்சா. வீட்டுக்குப் போகிற அன்னிக்கு என் கையை விடவே இல்லை பெரியப்பா."

பெற்ற வயிறு குளிர்ந்தது. இந்தப் பெண்ணுக்குப் பால் புகட்டிய பாலாடை அது. எங்கோ ஒரு சீமையில் முகம் தெரியாத ஒரு கிழவிக்கும் தாகம் தீர்த்திருக்கிறதே!

"போதும் உன் பிரதாபம்!" சேஷனுக்குக் கோபத்தில் தொண்டை வறண்டது. பக்கத்தில் கூஜாவும் டம்ளரும் இருந்தன. ஒரு மாசமாக அவர் யார் வீட்டிலும் தண்ணீர் தொடுவதில்லை. புதிதாக ஏதோ விரதம் என்று தெருவே மெச்சிக்கொண்டிருந்தது. இன்று தாங்கவில்லை. டம்ளரைத் தூக்கி அண்ணாந்தார்.

அடுத்த கணம் கூடம் அதிர்ந்தது. இருமல்! கண் பிதுங்க, முகம் சிவக்க, மூச்சு கிடைக்காத இருமல்! டம்ளர் உருண்டது. இடது கடைவாயிலிருந்து தண்ணீர் வழிந்து மேல்துண்டை நனைத்தது.

"குனியுங்கோ பெரியப்பா! முன்னால் குனியுங்கோ!"

குனிந்தார். இருமல் மெல்ல அடங்கியது. வாலாம்பாள் இரண்டு முழம் தள்ளியே நின்று அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். குரல் தணிந்துவிட்டது.

"இடது பக்கம் எத்தனை நாளா இப்படி இருக்கு?"

சேஷனின் முரட்டுக் கண்களில் நீர் முட்டியது. "ஒரு மாசம்," என்றார் கடைசியில். "ஆத்திலே யாருக்கும் தெரியாது. வாயிலே விட்டது வழியறதுன்னு நாலு பேர் எதிரே... எப்படிச் சொல்லுவேன்?"

அப்போது அடுக்களைக் கதவு திறந்தது.

பாகீரதி வெளியே வந்தாள். இருபத்தேழு வருஷத்தில் முதல் தடவையாக மைத்துனரின் எதிரே நின்றாள். கையில் பாலாடை நிறையத் தண்ணீர்.

"சொல்லிட்டுத்தான் தருவேன் அண்ணா. இதுவும் கடல் தாண்டிப் போய் வந்ததுதான். பிராயச்சித்தம் ஒண்ணும் பண்ணலை."

சேஷன் அவளைப் பார்த்தார். பாலாடையைப் பார்த்தார். வலது கையை நீட்டினார்.

"மோவாயைத் தாழ்த்திக்கோங்கோ," என்றாள் வாலாம்பாள். "பாலாடை மூக்கை வலது கடைவாயில் வையுங்கோ. கொஞ்சம்தான். முழுங்குங்கோ. ஆச்சா? இனி அடுத்தது."

ஒரு சொட்டும் வழியவில்லை. ஒரு மாசத்துத் தாகம் அது. மூன்று தரம் நிரப்பிக் கொடுத்தாள் பாகீரதி.

"நாளைக் காலமே டாக்டரிடம் காட்டணும் பெரியப்பா. தள்ளிப் போடப்படாது. நானே கூட வரேன்."

அவர் தலையை அசைத்தார். பாகீரதி நகரவில்லை.

"இன்னொண்ணு அண்ணா. என் பொண்ணு பாவம் பண்ணலை. வெள்ளிக்கிழமை வாத்தியார் வரவேண்டாம். திங்கட்கிழமை அவள் ஆஸ்பத்திரிக்குப் போவாள்."

"எங்கிருந்தும் அழைப்பு வராது. தெரியுமோல்லியோ?"

"தெரியும். வராட்டாப் போறது. தாகம்னு வர்றவாளுக்குத் தண்ணி கொடுக்க ஒருத்தி இந்த ஆத்தில் இருக்கா. எனக்கு அது போதும்."

சேஷன் தடியை ஊன்றி எழுந்தார். "தெருக்காரா கூடிக் கேட்டா நான் என்ன சொல்லப்போறேன்னு எனக்கே தெரியலை," என்றார். வாசல்படியில் நின்று தெருவை இரு பக்கமும் பார்த்தார். பிறகு பாலாடையை நனைந்த மேல்துண்டில் பத்திரமாக முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு படியிறங்கினார்.

தடியின் ஓசை தெருக்கோடி வரை தேய்ந்தது. பாகீரதி வாசற்கதவைச் சாத்தித் தாழிட்டாள். அடுக்களைக்குத் திரும்பவில்லை. கூடத்தின் நடுவில், மகளின் பக்கத்தில், தலை நிமிர்ந்து நின்றாள்.