பிரின் பிரித் வீட்டு எலிஸ்

டெக்வென் ஆன்ட்டி எங்கள் ஊர்ப் பள்ளியில் இருபத்தெட்டு வருடம் சமையல் பார்த்தவர். பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்று கவுன்சில் பள்ளியை மூடியபோது பாத்திரங்கள் ஏலத்துக்குப் போயின. பழைய பதிவேடுகள் நகரத்து ஆவணக் காப்பகத்துக்கு வந்தன. எனக்கு அங்கேதான் வேலை.

2009 ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை நனைந்த கோட்டோடு ஆன்ட்டி வாசிப்பு அறைக்குள் வந்தார். உள்ளே மை கூடாது என்ற விதிப்படி அவருடைய பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு பென்சில் கொடுத்தேன்.

"நீ பீட்ரூட்டப் பைக்குள்ள ஒளிச்சுக் கொண்டுபோவியே, அந்தப் பயதான? இப்ப எனக்கே சட்டம் சொல்றியா?"

பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள்.

ஆனால் வந்த காரியம் சிரிக்கும்படியானதல்ல. அவருடைய அம்மா லியூசாவுக்குத் தொண்ணூற்றிரண்டு வயது. முதியோர் இல்லத்தில் படுக்கையாகக் கிடந்தார். இந்தக் குளிரைத் தாண்டுவது கடினம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். லியூசாவுக்கு மிச்சமிருந்தது ஒரே ஆசை. சிறுவயதில் இறந்துபோன அண்ணன் எலிஸின் பக்கத்தில் படுக்க வேண்டும்.

எலிஸின் கல்லறைக் கல்லை எங்கள் சேப்பலுக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும். மதிலோரம் ஒரு ஸ்லேட் துண்டு. குவாரியில் வேலை செய்த யாரோ ஆணியால் கீறியது. எலிஸ், பிரின் பிரித், ஏழு வயது. அவ்வளவுதான், வருடம் கிடையாது, குடும்பப் பெயர் கிடையாது. எங்கள் பக்கம் பாதிப் பேருக்குப் பெயர் ஒன்றேதான் என்பதால் ஆளைப் பண்ணையின் பெயரை வைத்துத்தான் சொல்வோம். லியூசா வளர்ந்தது பிரின் பிரித் பண்ணையில். அவருக்கு ஐந்து வயதிருக்கும்போது அப்பா கையைப் பிடித்துக் கூட்டிப்போய், உன் அண்ணன் இங்கேதான் இருக்கிறான், இனி அவனைப் பற்றிக் கேட்காதே என்று அந்தக் கல்லைக் காட்டினாராம். அதற்கப்புறம் ஒரு குருத்தோலை ஞாயிறுகூடத் தவறியதில்லை. கல்லைத் தேய்த்துக் கழுவி, மஞ்சள் டாஃபடில் பூ வைத்துவிட்டுத்தான் லியூசா ஆராதனைக்குள் நுழைவார்.

கல்லறைத் தோட்டம் நிறைந்துபோய்ப் பல வருடமாகிறது. எஞ்சியிருக்கும் இடம் இரத்த உறவுக்கு மட்டுமே. சேப்பலின் அடக்கப் புத்தகம் கூரை ஒழுகி நனைந்து ஒரே கட்டியாகிவிட்டது. ஏதாவது ஒரு காகிதம் கொண்டுவந்தால் போதும், கையெழுத்துப் போட்டுவிடுகிறேன் என்று சபை மூப்பர் இட்வால் சொல்லியிருந்தார்.

சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து வந்து மேசையில் விரித்தேன். ஒரு மணி நேரத்தில் ஆன்ட்டி கண்டுபிடித்துவிட்டார்.

"இந்தா இருக்கான் பாரு."

எலிஸ் பிரிச்சர்ட், பிரின் பிரித். தகப்பன் பெயரும் சரி. சேர்ந்தது 1921 நவம்பர், வயது ஏழு. பிரதி எடுப்பதற்காகப் புத்தகத்தைத் திருப்பினேன். அப்போதுதான் வலது ஓரத்தில் பள்ளியை விட்டு நின்றதன் காரணம் கண்ணில் பட்டது. ஆன்ட்டி அதைப் படித்திருக்கவில்லை. கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் பேசாமல் இருந்திருக்கலாம். பேசாமல் இருப்பதுதான் என் சுபாவம். ஆனாலும் பென்சில் முனையால் அந்த இடத்தைக் காட்டினேன்.

இறப்பு என்று எழுதியிருக்கவில்லை. 'யூனியன்' என்று எழுதியிருந்தது. எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்க வேண்டியதில்லை. வக்கற்றவர்களையும் வீட்டுக்கு வேண்டாதவர்களையும் கொண்டுபோய் அடைத்த ஏழை விடுதி அது.

ஆன்ட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைப் படித்தார். பிறகு, அப்படியானால் அந்தக் கல்லுக்கடியில் இருப்பது யார் என்று அவரே முந்தைய பக்கங்களை நோக்கி இரண்டு தாள் புரட்டினார். அங்கே இன்னொரு எலிஸ் இருந்தான். எலிஸ் ஹியூஸ், பிரின் பிரித். நின்றது 1920 மார்ச், வயது ஏழு. காரணம், இறப்பு.

குத்தகை நவம்பரில்தான் மாறும். ஒரு குடும்பம் கட்டிலும் கோழியுமாக வண்டியேறிப் போகும், இன்னொன்று வந்து இறங்கும். பண்ணையின் பெயர் வந்தவர்களோடு ஒட்டிக்கொள்ளும். பிரிச்சர்ட் குடும்பம் வந்தபோது ஹியூஸ் குடும்பத்துப் பிள்ளை மதிலோரத்தில் மண்ணுக்குள் இருந்தான். அதே பெயர், அதே பண்ணை. மகளின் வாயை அடைக்க அந்தத் தகப்பனுக்கு ஒரு கல் தயாராகவே கிடைத்திருக்கிறது.

ஏன் அனுப்பினார்கள் என்று ஆன்ட்டி கேட்டார். தலைமையாசிரியரின் நாட்குறிப்பை எடுத்து வந்தேன். வாரத்துக்கு நாலைந்து வரி.

"எலிஸ் பிரிச்சர்டுக்கு வகுப்பில் மறுபடியும் வலிப்பு. சிறுபிள்ளைகள் அழுதார்கள். தகப்பனை வரச் சொன்னேன்."

"இனி அவனை வைத்துக்கொள்ள இயலாது என்று தெரிவித்தேன்."

"மழை. வருகை நாற்பத்தொன்று. பிரிச்சர்ட் பையனை யூனியனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இரண்டாம் வகுப்பு கணக்கில் தேறியிருக்கிறது."

ஆன்ட்டி கடைசி வரியை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். விடுதியின் புத்தகங்களில் அவனை எங்கே புதைத்தார்கள் என்றாவது இருக்குமா என்றார். அந்த வருடங்களின் புத்தகங்கள் எங்களிடம் வந்து சேரவே இல்லை. அதையும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

மூன்று பிரதிகள் எடுத்துக் கொடுத்தேன். முதலாவதில் எலிஸ் பிரிச்சர்டின் பெயரும் பண்ணையும் மட்டும் தெரிந்தன. காரணம் எழுதிய ஓரம் பிரதியில் விழவில்லை. மற்ற இரண்டில் ஹியூஸ் பையனின் பதிவும் நாட்குறிப்பின் வரிகளும் இருந்தன. இட்வாலுக்கு முதல் தாளே போதும். ஆன்ட்டிக்கும் அது தெரியும். சாயங்காலம் என் காரிலேயே மூப்பர் வீட்டுக்குப் போனோம். மூப்பர் அடுப்பங்கரை மேசையில் உட்காரவைத்துத் தேநீர் ஊற்றினார். ஆன்ட்டி மூன்று தாள்களையும் மேசைமேல் வைத்தார்.

இட்வால் ஒவ்வொன்றாகப் படித்தார். கடைசித் தாளைக் கவிழ்த்து வைத்தார்.

"இதையெல்லாம் நீ எங்கிட்டக் காட்டாம இருந்திருக்கலாம், டெக்வென்."

"இருந்திருக்கலாம்."

"இப்ப நான் படிச்சுட்டனே. இனி எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?"

"போடச் சொல்லி நான் கேக்கலயே, மூப்பரே. அங்க கெடக்கிறது வேற வீட்டுப் பிள்ள."

ஹியூஸ் குடும்பத்தில் யாராவது உயிரோடிருந்தால் எழுதிக் கேட்டுப் பார்க்கலாம் என்று இட்வால் இழுத்தார். அதற்கெல்லாம் நாள் இல்லை என்று அவருக்கே தெரியும்.

ஆன்ட்டியை முதியோர் இல்லத்துக்கும் நான்தான் கொண்டுபோய் விட்டேன். உள்ளே போகத் தயங்கிக் கதவோரமே நின்றேன். லியூசா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். மகளின் கை பட்டதும் கேட்டார்.

"எடம் ஆச்சாடி?"

"ஆச்சும்மா."

"இட்வால் முரண்டு பண்ணலயா? அவங்கப்பனும் முரடன்தான்."

"பண்ணலம்மா."

"எலிஸுக்கு நான் எந்தப் பக்கம்?"

ஆன்ட்டி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"எடது பக்கம்மா," என்றார்.

"நல்லது. அவன் அந்தப் பக்கமாத்தான் ஒருக்களிச்சுப் படுப்பான்."

எட்டு நாள் கழித்து லியூசா இறந்தார். நகராட்சி மயானத்தில், புறவழிச் சாலை போகிற சரிவில் அடக்கம். லாரிகளின் சத்தத்தில் ஜெபம் சரியாகக் கேட்கவில்லை. நாங்கள் ஒன்பது பேர். இட்வாலும் வந்திருந்தார், ஆன்ட்டியின் முகத்தைப் பார்க்காமல் ஓரமாக நின்றார்.

எல்லோரும் கலைந்த பிறகு ஆன்ட்டி குனிந்து பக்கத்துக் கல்லைப் படித்தார். பதிவேட்டில் தேடியது போலவே ஒவ்வொரு எழுத்தாக. பர்கன்ஹெட் துறைமுகத்திலிருந்து வந்து இங்கே செத்துப்போன ஒரு மாலுமி. எழுபது வயது.

"இந்தாளு யாரு, உனக்குத் தெரியுமா?" என்றார்.

தெரியாது என்றேன்.

நிமிர்ந்து கையுறையை மாட்டிக்கொண்டு, அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சரிவில் இறங்கி நடந்தார்.